மனதில் இருப்பது படமா, சொல்லா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் பாடம் எடுக்கிறேன். தெரிந்த விஷயங்களை மனம் எந்த வடிவத்தில் வைத்திருக்கிறது என்ற பகுதி வந்துவிட்டால், மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போவதில்லை. வராந்தாவில் நிறுத்திக் கேட்பார்கள், வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். அவர்களுடைய அம்மா அப்பாவும் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நமக்குத் தெரிந்தது மனதில் படமாக இருக்கிறதா, சொல்லாக இருக்கிறதா?

ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை ஜன்னல்? இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், நீங்களும் மனப்பாடம் செய்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் பதில் வரும். வருவதற்கு முன் கண் எங்கேயோ வெறித்துப் பார்க்கும். வாசலில் நுழைந்து, ஹாலில் இரண்டு, அடுப்படியில் ஒன்று என்று பெரும்பாலானவர்கள் மனதுக்குள்ளேயே நடந்து எண்ணுவார்கள்.

இப்போது இன்னொரு கேள்வி. ஏற்காடு மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு? சேலத்துக்காரர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், 20 என்று வாயில் வந்துவிடும். யாரும் மனதுக்குள் பஸ் ஏறிப் போய் எண்ணிவிட்டு வருவதில்லை. அந்த 20 வாய்ப்பாடு மாதிரி சொல்லாகவே உட்கார்ந்திருக்கிறது. எந்த வளைவில் திரும்பும்போது கீழே சேலம் ஊர் முதலில் தெரியும் என்று கேட்டால்தான் படம் எழும்பும்.

இப்படி இரண்டு வடிவமும் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சேதியை இன்று அவர் சொன்ன அதே வார்த்தைகளில் உங்களால் திருப்பிச் சொல்ல முடியாது. ஆனால் சேதி தெரியும். 1967-இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். ஒரு கதைப் பகுதியைக் கேட்க வைத்து, சற்று நேரம் கழித்து அதிலுள்ள ஒரு வாக்கியத்தைச் சிறிது மாற்றிக் காட்டினார். சொற்கள் இடம் மாறியதை மக்கள் கவனிக்கவில்லை, பொருள் மாறியதும் உடனே பிடித்துவிட்டார்கள். சொல் உதிர்ந்து போய், சொல்லும் இல்லாமல் படமும் இல்லாமல் கருத்து மட்டும் தங்குகிற ஒரு வடிவமும் உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

மனதில் தெரிவதை 'படம்' என்று சொல்வது பேச்சு வழக்குத்தானே? உள்ளே நிஜமாகவே படம் மாதிரி ஏதாவது இருக்கிறதா?

நூறு வருஷத்துக்கு மேல் சண்டை நடந்த கேள்வி இது. மனதுக்குள் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் வெகுகாலம் இதைத் தொடவே பயந்தார்கள். கடிகாரத்தை வைத்து அளக்கலாம் என்று வழி கண்டுபிடித்தவர்கள் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும். ஆண்டு 1971.

சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டிச் செய்த உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டினார்கள். இரண்டும் ஒரே உருவம்தானா, அல்லது ஒன்று கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறியதா என்று சொல்ல வேண்டும். ஒரே உருவமாக இருந்தாலும் ஒன்றைத் திருப்பி வைத்திருப்பார்கள். திருப்பிய கோணம் எவ்வளவு அதிகமோ, பதில் சொல்ல அவ்வளவு அதிக நேரம் ஆனது. திருப்பாமல் காட்டியபோது ஏறக்குறைய ஒரு விநாடி, 180 டிகிரி திருப்பியபோது நான்கு ஐந்து விநாடி. நடுவில் உள்ள கோணங்களுக்கெல்லாம் நேரம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோல ஒரே சீராக ஏறியது. கையில் பொருளை வைத்துத் திருப்பினால் எப்படி நேரம் ஆகுமோ, அப்படியே மனதில் திருப்பவும் ஆகிறது.

அடுத்து ஸ்டீபன் கோஸ்லின் வந்தார். 1978-இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு கற்பனைத் தீவின் வரைபடத்தைக் கொடுத்தார்கள். அதில் குடிசை, மரம், பாறை, கிணறு, ஏரி, மணல், புல் என்று ஏழு இடங்கள். வரைபடம் மனதில் நன்றாகப் பதிந்ததும் அதை எடுத்துவிட்டு, ஓர் இடத்தில் மனதை நிறுத்தி இன்னோர் இடத்துக்குப் போகச் சொன்னார்கள். காகிதத்தில் எவ்வளவு தூரமோ, மனதில் போய்ச் சேரவும் அதற்கேற்ற நேரம் ஆனது.

இதை நீங்களே செய்யலாம். அடிவாரத்தில் நின்று, மனதால் முதல் வளைவுக்குப் போங்கள். சரி, இப்போது திரும்பவும் அடிவாரத்திலிருந்து கிளம்பி ஏற்காடு ஏரிக்குப் போங்கள். இரண்டாவது பயணம் மனதில்கூட நீளமாகத்தான் இருக்கும். பழக்கமான ரோடு என்றால் காது அடைக்கிற மாதிரிகூட ஒரு உணர்வு வரும்.

அப்படியானால் மனதில் படம் உண்டு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. செனான் பிலிஷின் என்பவர் 1973-லேயே பலமாக எதிர்த்தார், கடைசிவரை விடவில்லை. மலைப்பாதையில் போவதாக நினைத்துக்கொள் என்று சொன்னால், நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் அதே மாதிரி நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள், அதை வைத்து உள்ளே படம் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பது அவர் வாதம். படம் என்றால் அதைப் பார்க்க உள்ளே இன்னொரு கண் வேண்டுமே என்றும் கேட்டார்.

அவர் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மனப்படத்துக்கு நிஜமாகவே குறைகள் உண்டு. புலியைக் கண் முன் கொண்டுவாருங்கள், கோடுகள் தெரியும். எத்தனை கோடு என்று எண்ண முடியாது. போட்டோவாக இருந்தால் எண்ணிவிடலாம். 1985-இல் செய்த ஒரு சோதனையில், வாத்தாகவும் முயலாகவும் மாறி மாறித் தெரிகிற பிரபலமான ஓவியத்தை மனதில் வைத்துக்கொண்டவர்கள், மனதிலேயே அதை மற்றொன்றாகப் பார்க்க முடியாமல் திணறினார்கள். பிறகு அவர்களையே காகிதத்தில் வரையச் சொன்னபோது, தாங்கள் வரைந்ததைப் பார்த்து இன்னொரு மிருகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே மனப்படம் போட்டோ அல்ல. பார்க்கும்போதே 'இது இன்னது' என்று அர்த்தம் சொல்லி உள்ளே வைத்த ஒன்று.

ஆனால் கோஸ்லின் பக்கமும் வலுவான சாட்சி இருக்கிறது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது மிலான் நகரத்துச் சாட்சி. எத்வார்தோ பிசியாக், கிளாவ்தியோ லுசாத்தி என்ற இருவர் 1978-இல் எழுதியது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்ட இரண்டு நோயாளிகள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் இடது பக்கத்தில் இருப்பதைக் கவனிக்க மாட்டார்கள், தட்டில் இடது பாதிச் சாப்பாட்டைக்கூட விட்டுவிடுவார்கள். அவர்களிடம், ஊருக்கு நடுவே உள்ள சதுக்கத்தில் பெரிய தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு சுற்றி இருப்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். வலது பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள், இடது பக்கத்தை விட்டுவிட்டார்கள். பிறகு தேவாலய வாசலில் நின்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். இப்போது முன்பு விட்ட கட்டடங்களைச் சொன்னார்கள், முன்பு சொன்னவற்றை விட்டார்கள். சொல்லாக மட்டும் வைத்திருந்தால், தெரிந்தது எந்தப் பக்கம் நின்றாலும் தெரிய வேண்டும். நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பாதி மறைகிறது என்றால், அந்த அறிவுக்குள் இடமும் வலமும் இருக்கிறது.

'இரட்டைக் குறியாக்கம்' என்று பாடத்தில் வருகிறதே, எளிமையாகச் சொல்ல முடியுமா?

கனடாவைச் சேர்ந்த ஆலன் பைவியோ 1971-இல் ஒரு முழுப் புத்தகமாக முன்வைத்த கருத்து. (1948-இல் அவர் 'மிஸ்டர் கனடா' பட்டம் வாங்கிய உடற்கட்டு வீரர் என்று சொன்னால் மாணவர்கள் பேரை மறப்பதில்லை. கட்டுமஸ்தான உடம்பு கண்ணுக்குள் நின்றுவிடுகிறது, பேர் அதோடு ஒட்டிக்கொள்கிறது. அவருடைய கொள்கைக்கு அவரே உதாரணம்.)

மனதில் இரண்டு தனித்தனி ஏற்பாடு இருக்கிறது, ஒன்று சொல்லுக்கு, இன்னொன்று படத்துக்கு. இரண்டும் தனியாகவும் ஓடும், ஒன்றை ஒன்று தட்டி எழுப்பவும் செய்யும். 'மாம்பழம்' என்று சொன்னால் சேலத்துக்காரர் மனதில் சொல்லோடு சேர்ந்து மல்கோவாவின் உருண்டையும் நிறமும் வாசனையும் வந்து நிற்கும். 'நியாயம்' என்று சொன்னால் சொல் மட்டும்தான் நிற்கும். முதலாவது இரண்டு இடத்தில் பதிகிறது, இரண்டாவது ஒரே இடத்தில். ஓர் இடத்தில் தொலைந்தாலும் இன்னோர் இடத்தில் கிடைக்கும் என்பதால், கண்ணால் காணக்கூடிய பொருளின் பேர் மறப்பது குறைவு. பேரைவிடப் படமே நன்றாக நினைவில் நிற்கும் என்பதும் பல சோதனைகளில் தெரிந்த விஷயம்.

இரண்டும் வேறு வேறு ஏற்பாடு என்பதற்கு லீ புரூக்ஸ் 1968-இல் செய்த சோதனை நல்ல ஆதாரம். தடித்த எழுத்து ஒன்றை மனதில் நினைத்து, அதன் ஓரம் வழியாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு மூலையும் எழுத்தின் உச்சியிலோ அடியிலோ இருக்கிறதா என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் சுலபமாக இருந்தது, காகிதத்தில் சிதறிக்கிடந்த குறிகளைப் பார்த்து விரல் வைத்துக் காட்டச் சொன்னபோது தடுமாறினார்கள். எழுத்துக்குப் பதில் ஒரு வாக்கியத்தை மனதில் வைக்கச் சொன்னால் நேர்மாறு. அப்போது வாய்தான் தடுமாறியது. படத்தோடு படம் மோதுகிறது, சொல்லோடு சொல் மோதுகிறது.

வார்த்தையே இல்லாமல் ஒன்றை அறிந்திருக்க முடியுமா? சொல்லத் தெரியாவிட்டால் தெரியாது என்றுதானே அர்த்தம்?

பள்ளிக்கூடம் நமக்குக் கற்றுக்கொடுத்த பெரிய தப்பு இது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

நான் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். என் அம்மா அடுப்படியில் நின்றுகொண்டே, முன் அறையில் அப்பா நெய்கிற தறியில் இழை அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரியும் என்று கேட்டால் 'சத்தம் வேற மாதிரி கேக்குது' என்பார். எப்படி வேற மாதிரி என்றால் பதில் இருக்காது. பாவு (நீள இழை), ஊடை (குறுக்கு இழை), நாடா (ஊடையைக் கொண்டுபோகிற கட்டை) என்று பொருள்களுக்கு எல்லாம் பேர் உண்டு. ஆனால் நாடாவை எந்த வேகத்தில் தள்ள வேண்டும், எவ்வளவு பலமாக அடித்தால் துணி நெருக்கமாக விழும் என்பதற்கு அவர்களிடம் பேர் இல்லை. கையும் காதும் கண்ணும் அதை வைத்திருந்தன. சின்ன வயதில் 'உங்களுக்குச் சரியாச் சொல்லவே தெரியல' என்று அம்மாவிடம் கோபப்பட்டிருக்கிறேன். இதைப் படித்துப் பாடமாக எடுக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கோபம் எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

சொல்லச் சொல்லி வற்புறுத்தினால் தெரிந்ததும் கலங்கலாம். 1990-இல் ஜொனாத்தன் ஸ்கூலரும் டோன்யா எங்ஸ்ட்லர் ஸ்கூலரும் ஒரு வங்கிக் கொள்ளை வீடியோவைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேரைக் கொள்ளைக்காரனின் முகத்தைச் சொற்களால் விவரித்து எழுதச் சொன்னார்கள். பிறகு பல முகங்களுக்கு நடுவே அவனை அடையாளம் காட்டச் சொன்னால், எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். 2014-இல் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இதைத் திரும்பச் செய்து பார்த்தன. பார்த்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பாதிப்பின் அளவு மாறியது, ஆனால் பாதிப்பு இருப்பது உறுதியானது. முகம் என்பது ஒட்டுமொத்தமாகப் பதிகிற ஒன்று. 'மூக்கு கொஞ்சம் நீளம், நெற்றி அகலம்' என்று பிய்த்துச் சொல்லும்போது, நாம் சொன்ன சொற்கள் நாம் பார்த்த முகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

பேர் வைத்தாலே படம் மாறிவிடுமா?

மாறும். 1932-இலேயே கார்மைக்கேல் என்பவரும் கூட்டாளிகளும் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வட்டம், நடுவில் ஒரு சின்னக் கோடு. ஒரு குழுவுக்கு இது மூக்குக் கண்ணாடி என்றார்கள், இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி செய்கிற டம்பெல் என்றார்கள். பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னால், முதல் குழு வரைந்தது கண்ணாடி மாதிரியும் இரண்டாவது குழு வரைந்தது டம்பெல் மாதிரியும் சாய்ந்திருந்தது. பார்த்த கோடுகள் ஒன்றேதான்.

இதை ஆசிரியர்களுக்குச் சொல்லும்போது என் மனதில் இருப்பது பிள்ளைகளுக்கு நாம் வைக்கிற பேர்கள். 'மக்கு', 'வாலு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு பார்ப்பதெல்லாம் அந்தப் பேருக்கு ஏற்றபடி வளைந்து தெரியலாம்.

மனதில் இருக்கிற மேப் சரியாக இருக்குமா?

வருஷா வருஷம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன். சேலம், கன்னியாகுமரி இரண்டில் எது அதிகம் மேற்கே இருக்கிறது? பெரும்பாலான கைகள் சேலத்துக்குத்தான் உயரும். மேற்கு மாவட்டங்கள் என்ற பட்டியலில் சேலத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம், கன்னியாகுமரி என்றால் தெற்கு. அட்லஸை விரித்தால் வகுப்பே ஆச்சரியப்படும். சேலம் ஏறக்குறைய 78.15 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, கன்னியாகுமரி 77.55-இல். கன்னியாகுமரிதான் மேற்கே.

இதே மாதிரியான தப்பை 1978-இல் ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், பேட்டி கூப் இருவரும் அமெரிக்காவில் எடுத்துக்காட்டினார்கள். நெவாடா மாநிலம் கலிபோர்னியாவுக்குக் கிழக்கே இருப்பதால், நெவாடாவிலுள்ள ரீனோ ஊர் கலிபோர்னியாவிலுள்ள சான் டியாகோவுக்குக் கிழக்கே என்றுதான் பலர் சொன்னார்கள். நிஜத்தில் ரீனோ மேற்கே இருக்கிறது. மனதிலுள்ள மேப் முழுக்கப் படம் அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. 'இது மேற்கு மாவட்டம்', 'அது தென்கோடி' என்று சொற்களால் கட்டிய அறிவும் அதில் கலந்திருக்கிறது, சமயத்தில் சொல் படத்தை நகர்த்திவிடுகிறது.

தமிழில் யோசிப்பதால் மனப்படம் வேறு மாதிரி இருக்குமா?

மொழியைவிடப் பேச்சுப் பழக்கம் முக்கியம் என்பேன். எரிக் பெடர்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்தார். கிராமத்துக்காரர்கள் 'தம்ளருக்கு வடக்கால சொம்பு இருக்கு' என்கிற மாதிரி திசை வைத்தே சொல்கிறார்கள், நகரத்துக்காரர்கள் இடது வலது வைத்துச் சொல்கிறார்கள். ஒரே மொழிதான். பொருள்களை வரிசையாக மேஜையில் காட்டி, ஆளைத் திருப்பி நிறுத்தி, அதே மாதிரி அடுக்கச் சொன்னால், திசை வைத்துப் பேசுகிறவர்கள் திசைப்படியும் மற்றவர்கள் தங்கள் இடது வலதுபடியும் அடுக்குகிற போக்கு தெரிந்தது. வாயே திறக்காத ஒரு வேலையில்கூட, பேசுகிற பழக்கம் நினைவில் ஏறியிருக்கிறது.

நம் திசைச் சொற்களுக்குள்ளேயே படம் இருக்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேற்கே மலை உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிற நிலம் அந்த இரண்டு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆன மாதிரி.

மேடம், நீங்கள் கண்ணை மூடிப் பார்க்கச் சொல்கிறீர்கள். எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. எனக்கு ஏதாவது குறையா?

இந்தக் கேள்வியை யாரும் வகுப்பில் கேட்டதில்லை, தனியாக வந்துதான் கேட்பார்கள். ஒரு மாணவி கண் கலங்கக் கேட்டாள். இறந்துபோன தாத்தாவின் முகத்தை அவளால் மனதில் கொண்டுவரவே முடியவில்லையாம், பாசம் இல்லையோ என்று பயந்திருக்கிறாள்.

குறை இல்லை, நோயும் இல்லை, பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. 1880-இலேயே பிரான்சிஸ் கால்டன் பலருக்கும் கேள்வித்தாள் அனுப்பி, இன்று காலை சாப்பிட்ட மேஜை மனதில் எப்படித் தெரிகிறது என்று கேட்டார். சிலருக்கு நேரில் பார்ப்பதுபோல் தெரிந்தது, சிலருக்கு ஒன்றும் தெரியவில்லை. மனக்கண் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வது என்றே இரண்டாவது வகையினர் அதுவரை நினைத்திருந்தார்கள். அதன் பிறகு வெகுகாலம் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2015-இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு 'அஃபேன்டேசியா' என்று பேர் வைத்தார். நூறு பேரில் ஒருவரிலிருந்து நான்கு பேர் வரை இப்படி இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இது உடம்பிலேயே தெரிகிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். பளிச்சென்ற வெளிச்சத்தை மனதில் நினைத்தாலே பலருக்குக் கண்ணின் பாப்பா சுருங்கும். 2022-இல் வந்த ஆய்வில், அஃபேன்டேசியா உள்ளவர்களுக்கு நிஜ வெளிச்சத்தில் சுருங்கியது, நினைத்த வெளிச்சத்தில் சுருங்கவில்லை. ஆனால் அவர்கள் அறிவில் எதுவும் குறைவதில்லை. 2021-இல் செய்த இன்னொரு ஆய்வில் ஓர் அறையின் படத்தைக் காட்டி நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். இவர்கள் வரைந்ததில் பொருள்களும் நிறமும் குறைவு, ஆனால் வரைந்த பொருளை வைத்த இடம் மற்றவர்களைப் போலவே சரியாக இருந்தது. எது எங்கே என்ற அறிவு வேறு, அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழும்புவது வேறு.

அந்த மாணவியிடம் தாத்தாவைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னாள். அவர் இருமல், அவர் சைக்கிளில் மணி இல்லாமல் வாயாலேயே 'ஓரம் ஓரம்' என்று சொல்லிக்கொண்டு போவது, எல்லாம் இருந்தது.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு மனப்படம் உண்டா?

நிறமும் வெளிச்சமும் உள்ள படம் இருக்காது. உருவமும் இடமும் உண்டு. ஷெப்பர்டின் சோதனையை 1976-இல் தொட்டுப் பார்க்கிற பொருள்களை வைத்துச் செய்தபோது, பார்வையற்றவர்களுக்கும் கோணம் கூடக் கூட நேரம் கூடியது.

என் பையன் 'விஷுவல் லேர்னர்' என்று டெஸ்ட் எடுத்துச் சொன்னார்கள். அவனுக்குப் படமாகவே சொல்லிக் கொடுக்கணுமா டீச்சர்?

வேண்டாம். அந்த டெஸ்ட்டை மறந்துவிடுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து, அந்தந்த வழியில் சொல்லிக் கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்ற கருத்தை 2008-இல் ஹெரால்டு பேஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அதை நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. பிள்ளைக்கு ஒரு விருப்பம் இருக்கலாம். ஆனால் எந்த வழி என்பதைப் பாடம்தான் முடிவு செய்ய வேண்டும். இதயத்தின் அமைப்புக்குப் படம் வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும். பாட்டுக்குக் காது வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம், கைரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை எப்படிக் கற்பான் என்று சொல்கிறோம் என்ற ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கில் பணம் கட்டியது. கைரேகைக்கும் கற்கும் விதத்துக்கும் தொடர்பு உண்டு என்று நம்பத்தகுந்த எந்த ஆய்வும் காட்டவில்லை. பணம் போனதைவிட, 'உனக்குக் கேட்டால் ஏறாது' என்று அந்தப் பிள்ளை பாட்டு வகுப்பை நிறுத்திவிட்டதுதான் எனக்கு வலித்தது.

அப்படியானால் படிப்பதற்கு இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது?

இரண்டையும் சேருங்கள். படித்ததைக் கையால் வரைந்து பாருங்கள், அழகாக இருக்க வேண்டியதில்லை. 2016-இல் வந்த சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அந்தச் சொல்லுக்கு ஒரு படம் வரைந்தவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. வரைந்த பிறகு படத்தை மூடிவிட்டு வாயால் சொல்லிப் பாருங்கள்.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்குத் தெரிந்த ரோட்டைப் பிடித்துக்கொள்ளலாம். கோட்டை மாரியம்மன் கோயில், பழைய பஸ் ஸ்டாண்டு, சுகவனேஸ்வரர் கோயில் என்று மனதில் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு பதிலை வைத்துவிட்டு வாருங்கள். பழைய கிரேக்கர்களுக்கே தெரிந்த உத்தி. நம்மிடம், ஒரே நேரத்தில் பல விஷயங்களைக் கவனித்து மனதில் வைத்துக்கொள்கிற அவதானக் கலை இருக்கிறது. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களை ஒரே அமர்வில் மனதில் தாங்கிச் சதாவதானி என்று பேர் வாங்கினார். நமக்கு நூறு தேவையில்லை, பத்து நின்றால் தேர்வு எழுதிவிடலாம்.

எங்கள் அம்மா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறார். எது பறிக்கிற பக்குவம் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், எப்படி என்று கேட்டால் 'பாத்தா தெரியும்' என்பார். அதை எழுதி வைக்க முடியுமா மேடம்?

முடியும், ஆனால் அம்மாவை உட்கார வைத்து விளக்கச் சொன்னால் வராது. பக்கத்து நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் நிறைய இருப்பதால் இந்த உதாரணம் உங்களுக்குப் பிடிக்கும். பிறந்த ஒரு நாள் குஞ்சு சேவலா பெட்டையா என்று பிரிப்பது வருஷக் கணக்கில் பழகினால்தான் வரும் வேலை என்று கருதப்பட்டது. 1987-இல் இர்விங் பீடர்மனும் மார்கரெட் ஷிஃப்ராரும், அந்த வேலையில் ஊறிய ஒருவரோடு உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த இடத்தைக் கவனித்தால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த இடம் புடைத்திருக்கிறதா, தட்டையாகவோ குழிந்தோ இருக்கிறதா, அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்களுக்கு அந்த ஒரு குறிப்பைச் சின்னப் படத்தோடு கொடுத்தார்கள். 60 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள் 84 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரி குஞ்சை முழுக்க விவரிக்கவில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் விரலால் காட்டியது. நீங்களும் அதைத்தான் தேட வேண்டும். அடுத்த பறிப்புக்கு அம்மாவோடு போங்கள். அவர் பறித்த பழம் ஒன்று, ஒதுக்கிவிட்ட பழம் ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற ஜோடிகளாக ஒரு முப்பது நாற்பது சேருங்கள். சாயங்காலம் ஜோடி ஜோடியாக அம்மாவிடம் காட்டி, 'ஏன்' என்று கேட்காமல் 'எங்க பாத்தீங்கம்மா' என்று மட்டும் கேளுங்கள். காம்புப் பக்கம் என்பாரோ, நிறத்தில் ஏதோ ஒன்று என்பாரோ, அழுத்தினால் கொடுக்கிற மெதுவைச் சொல்வாரோ, அவர் வாயில் வந்த சொல்லை அப்படியே அந்தப் படத்துக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.